கோத்தகிரியில் வீடு கட்டப்போகிறோம்: ஓதமும் பூஞ்சணமும் வராமல் இருக்க வரைபடத்திலேயே என்ன மாற்றலாம்?

புதுமனை:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியை ஒட்டி 7 சென்ட் நிலம், கிழக்கே இறங்கும் சரிவு. 1,350 சதுர அடி, தரைத்தளம் மட்டும். பொங்கல் கழிந்ததும் கடைக்கால் தோண்ட எண்ணம். வரைபடம் கைக்கு வந்துவிட்டது, இன்னும் ஒப்புதல் சொல்லவில்லை. அதில் இருப்பது இது:

மேற்கே உள்ள மேட்டை 8 அடி நேர்குத்தாக வெட்டி, வீட்டின் பின்சுவரையே தடுப்புச் சுவராகவும் வைப்பது. 8 அங்குல ஹாலோ பிளாக் சுவர். மேலே தட்டையான கான்கிரீட் தளம். படுக்கையறை இரண்டும் பின்பக்கம், மேட்டை ஒட்டி. ஹாலும் சமையலறையும் கிழக்கே. வெளிச்சுவர்களில் பதித்த அலமாரிகள். குளியலறைக்குள் கேஸ் கீசர்.

அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுக்கிறது, பட்டுப்புடவையில் வெள்ளையாகப் பூக்கிறது, உப்பு ஜாடியில் நீர்த்துப்போகிறது, துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. "நல்ல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் பொறியாளர். அது போதுமா? சுவருக்கும் கூரைக்கும் எதைப் போடலாம்? மூடுபனி நேரத்தில் சன்னலைத் திறப்பதா, மூடுவதா?

சரிவுக்கல்:

பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பின்சுவர். மண்ணைத் தாங்கும் சுவருக்கு மறுபக்கம் கட்டில் போடவே கூடாது.

நீலகிரியில் மேலே ஆழமாக உளுத்துப்போன செம்மண், அடியில் சார்னோகைட் பாறை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, இறுகிய அடுக்கைத் தொட்டதும் சரிவோடு நகரும். 8 அடி வெட்டினால் அதன் வழியை நடுவில் மறிக்கிறீர்கள். மழை விட்டுப் பல நாள் கழித்தும் வெட்டுமுகத்தில் ஊற்றுக் கசிவது இதனால்தான். அந்த நீர் ஹாலோ பிளாக்கின் பொந்துகளில் நிறைந்து நின்றால் உட்பக்கம் அடிக்கும் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. பின்னாலிருந்து நீர் தள்ளும், பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும், உப்புப் பூக்கும். தவிர, கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பாத ஹாலோ பிளாக் 8 அடி மண்ணின் தள்ளுவிசையைத் தாங்கும் பொருளே அல்ல. இது ஓதப் பிரச்சினை மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை.

மாற்று வழி: வெட்டை இரண்டு படியாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 4 அடி. வீட்டின் தரையை 2 அடிபோல உயர்த்தி, கிழக்குப் பக்கம் கருங்கல் பேஸ்மட்டத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கொட்டிய மண்ணின் மேல் கடைக்கால் உட்காரக் கூடாது. எல்லாக் கடைக்காலும் தொடாத மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். கிழக்கே அது ஆழமாகப் போகும், செலவுதான், வேறு வழியில்லை.

தடுப்புச் சுவரைத் தனியாகக் கட்டுங்கள். வீட்டுச் சுவருக்கும் அதற்கும் குறைந்தது 5 அடி இடைவெளி. கருங்கல் கட்டானால் அடியகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. அதன் முதுகில் ஓர் அடி அகலத்துக்கு 40 மி.மீ ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி, அடியில் துளையிட்ட 4 அங்குலக் குழாய், நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில். சுவரில் 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் கசிவுத் துளைகள். துணி போடாமல் விட்டால் சில மழைக்காலத்தில் செம்மண் ஜல்லிக்குள் புகுந்து அடைத்துவிடும். பிறகு நீரின் எடையும் சேர்ந்து சுவரைத் தள்ளும். மழைக்காலத்தில் தடுப்புச் சுவரின் துளை எதிலும் நீரே வரவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், அடைத்துக்கொண்டதா என்று பாருங்கள்.

வெட்டுமுகத்துக்கு மேலேயும் ஒரு மறிப்புக் கால்வாய் வேண்டும். கூரைநீரைச் சரிவில் அப்படியே விடுவதோ, உறிஞ்சு குழி தோண்டி இறக்குவதோ கூடாது. இறவாணத்தோடு (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) சேர்த்து உங்கள் கூரை ஏறக்குறைய 165 சதுர மீட்டர் வரும். மணிக்கு 5 செ.மீ மழை என்றால் ஒரு மணி நேரத்தில் 8,000 லிட்டருக்கு மேல். அதை மூடிய குழாயில் சாலை வடிகால் அல்லது ஓடை வரை கொண்டுபோய் விட வேண்டும். கழிவுநீர்த் தொட்டியும் அப்படித்தான்: வீட்டுக்குக் கீழ்ப்பக்கம், தடுப்புச் சுவருக்கு மேலே ஒருபோதும் இல்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட நிலச்சரிவுகளை நினைவில் வைத்துப் படம் வரையச் சொல்லுங்கள். மண் வெட்ட ஜே.சி.பி இறக்குவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கொத்துக்கரண்டி:

சரிவுக்கல் சார் சொன்னது சரி. தரையைப் பத்தி நான் சொல்றேன், பாதி ஓதம் அங்கிருந்துதான் ஏறும்.

கீழேயிருந்து மேலே வரிசை இதுதான்: நல்லா திமிசு போட்ட மண்ணு. அது மேல தூளே இல்லாத 40 மி.மீ ஜல்லி 6 அங்குலம். ஓட்டையைச் சமப்படுத்த ஒரு அங்குலம் மணல். அதுக்கு மேல 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், ஒட்டுற இடத்துல 8 அங்குலம் ஏத்திப் போட்டு டேப் ஒட்டணும். பிறகு 2 அங்குல எக்ஸ்.பி.எஸ் பலகை, அதாவது சூட்டையும் குளிரையும் கடத்தாத கெட்டி நுரைப் பலகை. அதுக்கு மேல 4 அங்குலம் கான்கிரீட். அப்புறம் டைல்ஸோ மரமோ உங்க இஷ்டம்.

ஜல்லிக்குப் பதிலா குவாரி டஸ்ட் கொட்டிடலாம்னு சொல்லுவாங்க, விலை குறைவு. ஒத்துக்காதீங்க. டஸ்ட் விளக்குத்திரி மாதிரி, கீழ இருக்கிற தண்ணியை உறிஞ்சி மேல ஏத்தும். ஜல்லிக்கு நடுவுல இருக்கிற காத்து இடைவெளிதான் அந்த ஏத்தத்தை அறுக்குது.

டி.பி.சி-யை, அதாவது மண்ணு ஈரம் சுவர்ல ஏறாம பேஸ்மட்டத்து மேல போடுற தடுப்பு அடுக்கை, எல்லாரும் போடுறாங்க, ஆனா வேலை செய்யாத மாதிரி போடுறாங்க. பேஸ்மட்டம் வெளித்தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரம் இருக்கணும். அது மேல 2 அங்குலம் 1:1½:3 கான்கிரீட், வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்து, நல்லா காஞ்ச பிறகு சூடான தார் ரெண்டு கை. தரையில போட்ட பாலிதீன் ஷீட் சுவரோரமா மேல ஏறி இந்த டி.பி.சி-யோட சேரணும். சேரலைன்னா அந்த இடுக்கு வழியா ஈரம் ஏறி, சுவரடியில ஒரு அடிக்குப் பட்டையா கறை விழும்.

இதெல்லாம் சரியாப் பண்ணிட்டுக் கடைசியில கெடுக்கிறது ரெண்டு விஷயம். வெளிப்பூச்சை டி.பி.சி-யைத் தாண்டி மண்ணு வரைக்கும் இழுத்துடுவாங்க, ஈரம் பூச்சு வழியா ஏறிடும். அந்த இடத்துல பூச்சை வெட்டி நிறுத்தணும். இன்னொன்னு, அஞ்சு வருஷம் கழிச்சு வாசல்ல சிமென்ட் தளம் போடுறேன், பூச்செடி வைக்கிறேன்னு வெளித்தரையை டி.பி.சி மட்டத்துக்கே உசத்திடுறது. இறவாணத்துக்குக் கீழ சிமென்ட் தளமே வேணாம். ஒன்றரை அடி அகலத்துக்குச் சரளைக் கல்லு கொட்டுங்க. சிமென்ட்ல விழுற மழைத்தண்ணி தெறிச்சு சுவர்ல ஏறும், சரளையில விழுந்தா அப்படியே உள்ள போகும். சரளைக்கு அடியிலயும் துளைக் குழாய் உண்டு, அதை வடிகால்ல சேர்த்துடணும்.

பனிப்புள்ளி:

புதுமனை சார், நீங்கள் அடுக்கிய நான்கு தொந்தரவுகளில் ஒன்றுகூட மழை ஒழுகுவதால் வருவதில்லை. பீரோவின் பின்பக்கம், பட்டுப்புடவை, உப்பு, துணி எல்லாமே காற்றில் இருக்கும் நீராவியின் வேலை. வெளியிலிருந்து வரும் நீரை மேலே இருவரும் பேசிவிட்டார்கள். இது உள்ளே உற்பத்தியாகும் நீர்.

எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் உங்கள் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். பருப்பு வேகும் நீராவி அதற்கு மேல். கையால் பிழிந்த ஒரு பக்கெட் துணியை ஹாலில் கொடிகட்டிப் போட்டால் இரண்டு மூன்று லிட்டர். மூடிய அறையில் இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் அரை லிட்டருக்கு மேல். இவ்வளவும் எங்கே போகும்? வீட்டில் எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய் ஒட்டும்.

இனி சுவர். வெளியே 9 டிகிரி, உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காற்று 13.5 டிகிரிக்குக் குளிர்ந்தால் பனித்துளி கட்டும். பூஞ்சணத்துக்கு அவ்வளவுகூட வேண்டாம்: சுவர்ப் பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே முளைத்துவிடும். கணக்குப் போட்டால் உட்பரப்பு ஏறத்தாழ இப்படி வரும்:

8 அங்குல ஹாலோ பிளாக்: 15 டிகிரி. பரப்பில் ஈரப்பதம் 91.
9 அங்குலச் செங்கல், இருபுறம் பூச்சு: 15.7 டிகிரி. பரப்பில் 87.
8 அங்குல ஏ.ஏ.சி பிளாக் (காற்றுக்குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்): 17 டிகிரி. பரப்பில் 79.
ஒற்றைக் கண்ணாடி: 11 டிகிரி. நீர் வழியும்.
இரட்டைக் கண்ணாடி, நடுவில் 12 மி.மீ காற்று: 14.7 டிகிரி. நீர் கட்டாது.

ஆக, ஹாலோ பிளாக்கைவிட ஏ.ஏ.சி பிளாக் நல்லது. எடையும் குறைவு, மலையேற்றும் லாரி வாடகையில் கொஞ்சம் மிச்சம். ஆனால் அது பஞ்சுபோல நீரைக் குடிக்கும். டி.பி.சி-க்குக் கீழே அதை வைக்கவே கூடாது. சிமென்ட் சாந்தில் கட்டாமல் அதற்கான மெல்லிய ஒட்டுக்கலவையில், 3 மி.மீ கனத்தில் கட்ட வேண்டும். சன்னல் மூலைகளில் பூச்சு வெடிக்கும், அங்கே ஃபைபர் வலை வைத்துப் பூசுங்கள். உங்கள் பகுதியில் ஏ.ஏ.சி கட்டத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால், 4½ அங்குலச் செங்கல் இரண்டு வரிசை, நடுவில் 2 அங்குல இடைவெளி, துருப்பிடிக்காத கம்பிக் கொக்கிகள், அடிவரிசையில் நீர் வெளியேறத் துளை என்று குழிச்சுவர் கட்டலாம். அதில் கொத்தனார் கவனிக்க வேண்டியது ஒன்றே: சாந்து இடைவெளிக்குள் விழுந்து இரண்டு சுவரையும் பாலமாக இணைத்துவிடக் கூடாது. ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி இடைவெளிக்குள் தொங்கவிட்டு, நான்கு வரிசைக்கு ஒருமுறை தூக்கிச் சுத்தம் செய்வார்கள்.

பீரோ கதைக்கு வருகிறேன். சுவரை ஒட்டிப் பீரோ வைத்தால் அறையின் சூடு அந்தச் சுவருக்குப் போய்ச்சேராது, காற்றும் ஓடாது. அதே 9 அங்குலச் செங்கல் பீரோவுக்குப் பின்னால் 13 டிகிரிக்கு இறங்கிவிடும். பனித்துளி கட்டும் கோட்டுக்குக் கீழே. வெளிச்சுவரில் பதித்த அலமாரி இதைவிட மோசம்: பின்னால் 4½ அங்குலம்தான் சுவர், முன்னால் அடைத்த துணி. அது சுமார் 11.5 டிகிரிக்குப் போகும். பட்டுப்புடவையை ஈரச்சுவரில் ஒட்டி வைத்த மாதிரிதான். வரைபடத்தில் அலமாரிகள் அத்தனையையும் உட்சுவர்களுக்கு மாற்றுங்கள். ஒரு பைசா கூடுதல் செலவில்லை, இந்த இழையிலேயே மலிவான வேலை இதுதான். பீரோவுக்குக் கால் வைத்து, சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். ஏ.ஏ.சி சுவரானாலும் இந்த இடைவெளி வேண்டும்.

மேலே உள்ள கணக்கில் ஈரப்பதத்தை 75-லிருந்து 65-க்குக் கொண்டுவந்தால் சாதாரணச் செங்கல் சுவரும் பூஞ்சணத்திலிருந்து தப்பிவிடும். எனவே எக்ஸாஸ்ட் விசிறி அழகுப் பொருள் அல்ல. சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே, வெளியே போகும் குழாயோடு. குழாய் இல்லாமல் காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பிவிடும் சிம்னி எண்ணெய்ப் பிசுக்கைத்தான் பிடிக்கும், நீராவியை அல்ல. குளியலறையில் 4 அங்குலக் குழாய் விசிறி, குளித்து முடித்து 20 நிமிடம் ஓட வேண்டும். கதவடியில் அரை அங்குலம் இடுக்கு விடாவிட்டால் விசிறி சுற்றும், காற்று வராது.

மேகக்கூட்டம்77:

இவ்வளவு சிரமம் எதுக்குங்க? ஆன்லைன்ல டீஹ்யூமிடிஃபையர், காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற மிஷின், கிடைக்குது, நாளைக்கு 12 லிட்டர் இழுக்குமாம். ரூமுக்கு ஒன்னு வாங்கிப் போட்டு, சன்னலை இறுக்கிச் சாத்தினா முடிஞ்சது.

பனிப்புள்ளி:

பெட்டியில் போட்டிருக்கும் 12 லிட்டர் பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. 15 டிகிரி அறையில் அதே கம்ப்ரசர் வகை அதில் சிறு பங்குதான் இழுக்கும். சுருளில் உறைபனி கட்டி, அதை உருக்குவதிலேயே நேரம் போகும். குளிர் ஊருக்கு டெசிக்கன்ட் வகைதான் (ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்குவது) சரி. மின்சாரம் கூடுதலாக இழுக்கும், ஆனால் அந்தச் சூடு அறைக்குள்ளேயே வரும். துணி காயவைக்க ஒரு சிறிய அறை ஒதுக்கி, கதவை மூடி, அங்கே ஒன்று வையுங்கள். அது நல்ல பயன்பாடு. வீடு முழுக்க இறுக்கிச் சாத்திவிட்டு இயந்திரத்தை நம்பினால், மின்சாரம் போகும் மழைநாளில்தான் அது தேவைப்படும்.

புதுமனை:

மிக்க நன்றி. அலமாரி, பின்சுவர் இரண்டையும் பொறியாளரிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். இன்னும் மூன்று கேள்வி. மூடுபனியில் சன்னல் திறந்தால் ஈரம் உள்ளே வராதா? தட்டைத் தளமா, ஓடா? ஹாலில் கணப்பு வைக்கலாமா, பழைய பங்களாக்களில் இருப்பது போல?

பனிப்புள்ளி:

முதல் கேள்விக்கு மட்டும் நான். பதில் உங்கள் வீடு எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூடுபனிக் காற்று நூறு சதவீதம் ஈரம்தான், ஆனால் குளிர்ந்த காற்று கொள்ளும் நீரே குறைவு. 12 டிகிரி மூடுபனியில் கனமீட்டருக்கு 10.7 கிராம் நீராவி. உள்ளே 18 டிகிரியில் 75 சதவீதம் என்றால் 11.5 கிராம். எதிரெதிர் சன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து மூடினால், வந்த காற்று 18-க்குச் சூடானதும் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழ் இறங்கிவிடும். மூடுபனியைத் திறந்துவிட்டு வீட்டைக் காயவைக்கிறீர்கள், நம்பக் கஷ்டம்தான்.

வீட்டைச் சூடாக்கவே இல்லை, உள்ளேயும் 13 டிகிரிதான் என்றால் திறந்தாலும் பயனில்லை. உள்ளே வெளியேயைவிட நான்கைந்து டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு சூழலில் சாத்தித்தான் வைக்க வேண்டும்: பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு திடீரென்று வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசும் நாள். சுவரும் தரையும் இன்னும் குளிர்ந்தே இருக்கும், தரை வியர்த்து வழுக்கும். அதைப் பார்த்துத் தரையில் ஓதம் என்று டைல்ஸை உடைப்பவர்கள் உண்டு. உடைக்கும் முன் ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நனைந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே நனைந்தால் காற்றிலிருந்து படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானவை ஐந்து புள்ளி முன்னே பின்னே காட்டும். சரிபார்க்க: ஒரு மூடியில் உப்பைச் சில சொட்டு நீரில் சேறுபோலக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால், இனி எப்போதும் 5 கழித்துப் படியுங்கள்.

ஓட்டுக்கூரை:

தட்டைத் தளம் மழை குறைந்த ஊருக்கு. இங்கே சாய்கூரைதான். மங்களூர் ஓடு என்றால் சாய்வு 30 டிகிரிக்குக் குறையாமல், இறவாணம் சுவரைத் தாண்டி இரண்டரை முதல் மூன்று அடி. சுவர் நனையாமல் இருப்பதற்கு எந்தப் பெயின்ட்டையும்விட இந்த மூன்று அடி பெரிது. ஆனால் காற்று கீழிருந்து தூக்கும், அதனால் இறவாணத்து ஓடுகளை மூன்று வரிசை கம்பியால் கட்டுங்கள், அல்லது திருகுங்கள்.

அடுக்கு மேலிருந்து கீழாக: ஓடு, குறுக்குச் சட்டம், கூரைச் சரிவுக்கு இணையாக ஓர் அங்குல நெடுஞ்சட்டம், அதற்குக் கீழே நீராவியை விடும் வகை மெம்ப்ரேன் தாள், கைமரம், கைமரங்களுக்கு நடுவே 3 அங்குல ராக்வூல் (வெப்பம் கடத்தாத பாறைநார்ப் பஞ்சு), அடியில் மரப்பலகை அல்லது சிமென்ட் போர்டு. அந்த ஓர் அங்குல இடைவெளியில் இறவாணத்திலிருந்து முகட்டுக்குக் காற்று ஓட வேண்டும். இரண்டு முனையிலும் கொசுவலை அடியுங்கள், குளவி கூடு கட்டும். சாதாரண பாலிதீன் ஷீட்டை ஓட்டுக்கடியில் போடும் பழக்கம் இருக்கிறது. அறையின் நீராவி அதில் பட்டுச் சொட்டும், "ஓடு ஒழுகுது" என்று ஆளைக் கூப்பிடுவார்கள்.

கலர் ஷீட் போடுவதானால் இன்னும் கவனம். வானம் தெளிந்த ஜனவரி இரவில் தகடு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும், விடியற்காலையில் அடிப்பக்கம் மழைபோலச் சொட்டும். காப்புப் பலகை ஒட்டிய சாண்ட்விச் தகடு வாங்குங்கள், வெறும் தகடு வேண்டாம்.

கான்கிரீட்டிலேயே சாய்வாகப் போட்டு மேலே ஓடு ஒட்டுவதுதான் இப்போது பரவலாக நடக்கிறது. கெடுதல் இல்லை, ஆனால் கான்கிரீட்டுக்கு மேலே 2 அங்குல எக்ஸ்.பி.எஸ் போடாமல் ஓட்டை ஒட்டினால் உட்கூரை சுவரைவிடக் குளிர்ந்து, மூலைகளில் கறுப்பு படரும்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் காலையில் தெளிந்து மதியத்துக்கு மேல் மேகம் மூடும் நாட்கள் அதிகம், அதனால் காலை வெயில்தான் நிச்சயமான வெயில். படுக்கையறையை மேட்டுப் பக்கம் ஒளித்துவைத்து என்ன பயன்? படுக்கையறையும் ஹாலும் கிழக்கு, தென்கிழக்கு. குளியலறை, ஸ்டோர், துணி காயும் அறை மேற்கே. டிசம்பரில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும், தெற்குச் சன்னல் அப்போது உதவும். சிக்கல் என்னவென்றால் வடகிழக்குப் பருவமழையும் உங்களுக்கு அந்தக் கிழக்குப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். எனவே கிழக்குச் சன்னலைச் சின்னதாக்காமல், மேலே 2 அடி சஜ்ஜா, அதன் அடியில் நீர் சொட்டும் பள்ளம், சன்னலின் அடியில் வெளிப்பக்கம் சரிந்த கல் சில். சில்லின் அடியிலும் அதே பள்ளம். இது இல்லாத சன்னலுக்குக் கீழேதான் மீசைபோல ஈரக்கறை இறங்கும்.

சீகைவிறகு:

கணப்பு அழகு, சூடு குறைவு. திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போகும், போகும்போது அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடிக் கதவு வைத்த மூடிய இரும்பு அடுப்பு என்றால் பாதிக்கு மேல் அறையில் தங்கும். 6 அங்குலப் புகைக்குழாய், முடிந்தவரை நேராக, கூரை முகட்டுக்கு மேல் 2 அடி. கூரையைத் துளைக்கும் இடத்தில் மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே இரட்டைச் சுவர்க் குழாய். அடுப்புக்கு அருகே தரைமட்டத்தில் வெளிக்காற்று வர 4 அங்குலத் துளை. இல்லாவிட்டால் சமையலறை எக்ஸாஸ்டைப் போட்டதும் புகை ஹாலுக்குள் திரும்பும்.

விறகு சீகையோ (வாட்டில்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), பிளந்து, மேலே மூடி, பக்கங்கள் திறந்து, ஒரு முழுக் கோடை காயவேண்டும். பச்சை விறகு எரித்தால் தார் படிந்து, ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்கும் முன், குழாயைத் துடையுங்கள்.

கரி அடுப்பையோ பார்பிக்யூ கரியையோ அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, இருமல் வராது. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் அந்த வகைதான், ஆபத்தோடு நீராவியையும் சேர்த்துத் தரும். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கொத்துக்கரண்டி:

சார், நாள் கணக்கும் பார்த்துக்கோங்க. பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சா, செப்டம்பருக்குள்ள கூரை ஏறிடணும். கூரையில்லாத சுவர் அக்டோபர் மழையில நனைஞ்சா லேசுல ஈரம் போகாது. உள்பூச்சு பூசின கையோட பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கிறது இங்க ஆகாது. பூச்சும் தரைக் கான்கிரீட்டும் குடிச்ச தண்ணி வெளியே வர, ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாசம்னு வெச்சுக்கலாம், மழைக்காலம்னா அதுக்கும் மேல. முதல் வருஷம் வெறும் சுண்ணாம்பு ரெண்டு கை அடிச்சு குடிபோங்க. சுண்ணாம்பு காரம், பூஞ்சணம் சட்டுனு ஏறாது, சுவரும் மூச்சு விடும். அடுத்த ஏப்ரல்ல பிடிச்ச கலரை அடிச்சுக்கலாம். அப்பவும் உள்ள பளபளன்னு இருக்கிற பிளாஸ்டிக் பெயின்ட் வேணாம்.

புதுமனை:

படுக்கையறைகள் கிழக்கே வந்துவிட்டன, சமையலறை வடமேற்கே போகிறது. கீசர் வெளியே. ஏ.ஏ.சி-க்கு ஆள் கிடைத்திருக்கிறார். எக்ஸாஸ்ட் குழாய்களை வீடு முடிந்தபின் துளைபோட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள், பரவாயில்லையா?

கொத்துக்கரண்டி:

வேணாம் சார். சுவர் ஏறும்போதே சமையலறையில 6 அங்குலம், குளியலறையில 4 அங்குலம் பி.வி.சி குழாய் துண்டை, வெளிப்பக்கம் அரை அங்குலம் வாட்டம் குடுத்து, லிண்டல் மட்டத்துக்கு மேல வெச்சுக் கட்டிடச் சொல்லுங்க. வாட்டம் உள்பக்கம் இருந்தா குழாய்க்குள்ள குளிர்ந்த நீராவி தண்ணியாகித் திரும்பி அடுப்பு மேலேயே சொட்டும். வெளி வாயில மழைத்தொப்பியும் வலையும் மாட்டுங்க. அது இறவாணத்துக்குள்ள முடியக் கூடாது, ஓட்டுக்கூரை சார் சொன்ன காத்து இடைவெளி வழியா அந்த நீராவி அத்தனையும் கூரைக்குள்ள போயிடும்.